பெண்கள் பகுதி

மன்னார்குடி பந்தலடியில் தியாகேசனுக்கு ஒரு வீடியோ மிக்ஸிங் கடை இருந்தது. போர்டில் அவன் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே வேலை தெரிந்தவள் அவன் மனைவி மதிவதனி. இது ஊருக்கே தெரியும், தியாகேசனுக்கும் தெரியும். ஆனால் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் மாமனையே ஓரமாக நகரச் சொல்லி அதட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஆள் கொஞ்சம் சிறுத்துப்போவான்.

இது இரண்டாயிரத்து ஏழில் நடந்தது. அப்போது அந்தக் கடைக்கு வந்த வேலையில் பாதி கூத்தாநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள். அதற்கும் மதிவதனிதான் காரணம். அந்த வீடுகளில் ஆண்கள் பகுதிக்கு ஒரு டி.வி.டி., பெண்கள் பகுதிக்கு ஒரு டி.வி.டி. என்று தனித்தனியாகக் கேட்பார்கள். பெண்கள் பகுதியைப் பெண்தான் எடுக்க வேண்டும், பெண்தான் வெட்டி ஒட்ட வேண்டும், பெண் கையில்தான் கொடுக்க வேண்டும். மருதாணி வைக்கும்போது தலைத்துணி நழுவினது தெரியாமல் பாடிச் சிரிக்கிற பெண்களை அந்நிய ஆண் எவனும் பார்க்கக் கூடாது. மதிவதனி வீடு வீடாகப் போய் அந்த வாக்கைக் கொடுத்திருந்தாள். அந்த வேலை நடக்கும்போது கட்டின புருஷனைக்கூட மிக்ஸிங் அறைப் பக்கம் விடமாட்டாள். அவன் டீ வாங்கி வந்தாலும் கதவிடுக்கில் கை நீட்டித்தான் வாங்குவாள்.

அந்த வருஷம் கூத்தாநல்லூர் ஹலீமாவின் மகள் நிலோஃபருக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா அப்துல் அஜீஸ் ரியாத்தில் வேலை பார்த்தார். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நிக்காஹ் நடந்தபோது போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் அங்கே அழுதார், ஹலீமா இங்கே அழுதாள். சரி, வீடியோவையாவது அனுப்பிவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். கொண்டுபோகிறவன் ஆம்பிளை. வழியில் எவனாவது டி.வி.டி. தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஹலீமாவுக்குப் பயம்.

மதிவதனி அதற்கு ஒரு வழி செய்தாள். டி.வி.டி.யை அப்படியே ஒரே ஃபைலாக உருவி எடுத்தாள். அதற்கு இமேஜ் என்று பெயர். அந்த இமேஜைத் துண்டு துண்டாக நறுக்கி, பாஸ்வேர்டு போட்டுக் கட்டி, கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தாள். பாஸ்வேர்டு அவளுக்கும் ஹலீமாவுக்கும் அஜீஸுக்கும் மட்டும் தெரியும். அங்கே அவர் கட்டைப் பிரித்து இமேஜை வெளியே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இல்லாத டி.வி.டி. டிரைவை இருப்பதுபோலக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அதில் இமேஜை ஏற்றிவிட்டால், நிஜத் தட்டைப் போட்டதுபோல் படம் ஓடும். கடைக்கும் ஒரு நகலை அதே மாதிரி இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மதிவதனி வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் தோப்புத்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கடையில் தியாகேசன் தனியாக இருந்தான். செல்போன் அடித்தது.

"தம்பி, நான் ரியாத்லேந்து அஜீஸ் பேசுறேன். நிலோஃபர் அத்தா."

"சொல்லுங்க பாய், நல்லா இருக்கீங்களா?"

"அந்த ஃபைலு தொறக்க மாட்டேங்குது தம்பி. கட்டப் பிரிச்சா பாதி தூரம் போயி எடம் பத்தலங்குது. டிஸ்க்குல எடம் எவ்வளவோ கெடக்கு. வந்த வரைக்கும் போதும்னு அத ஏத்திப் பாத்தா, மவுண்ட் பண்ண முடியலன்னு எழுதி வருது."

"அது ஒண்ணுமில்ல பாய், பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு இல்ல தம்பி. கம்ப்யூட்டரு எங்க ரூம்ல இருக்கிற மலையாளத்தாருது. அவரு இன்னிக்கு ஜும்மா முடிஞ்ச கையோட ஒரேடியா ஊருக்குப் போறாரு. அதோட இதும் போயிரும். வெளில கடையில போட்டா கண்டவன் பாப்பான். என் கட்டிலச் சுத்திப் போர்வையக் கட்டிட்டு ஒக்காந்திருக்கேன். இன்னிக்கி வுட்டா அடுத்த லீவுல ஊருக்கு வந்துதான் எம்புள்ள கல்யாணத்தப் பாக்கணும்."

இந்த இடத்தில் தியாகேசன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'எனக்குத் தெரியாது பாய், மதிகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லியிருந்தால் தலையா போய்விடும்? அவனுக்குத் தலைதான் போனது மாதிரி இருந்தது. "நீங்க வைங்க பாய், நான் இங்க செஞ்சு பாத்துட்டு என்ன பண்ணணும்னு சொல்றேன்" என்றான். பிறகு யாருக்கும் தெரியாமல் மதிவதனிக்குப் போன் போட்டான். அவள் கேமராவைக் கையில் பிடித்திருக்கும்போது போன் பைக்குள் கிடக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது.

ஹலீமாவைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டு கேட்டான்.

"மதி இல்லையா தம்பி?"

"தோப்புத்துறையில இருக்காக்கா. போன எடுக்கல. பாய் அங்க தவிச்சுக்கிட்டு கெடக்காங்க."

"நீங்க பாக்கப்புடாது தம்பி. எங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தன பேரும் இருக்கோம் அதுல."

"எங்கம்மா மேல சத்தியமா பாக்க மாட்டேன்க்கா. தொறக்குதான்னு மட்டும் பாத்துட்டு மூடிருவேன்."

மனசில்லாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். மகளைச் சின்ன வயசில் கூப்பிட்ட செல்லப் பெயர் அது. அதைச் சொல்லும்போதே அவள் குரல் தாழ்ந்துபோனது.

தியாகேசன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் முதலில் செய்த காரியம், தெருக்கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டது. வேலை நடக்கும்போது எவனாவது உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிடக் கூடாதே. அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டான்.

முதல் தடவை அஜீஸுக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்தது. கடை நகல் இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கட்டைப் பிரித்து அதிலேயே போடச் சொன்னான். பாதிக்கு மேல் போய் இடம் போதவில்லை என்றது. மறுபடி செய்தான், மறுபடி அதே. சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினான். தனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவும் செய்துவிட்டு, கோபத்தில், அந்தக் கட்டைக் கம்ப்யூட்டரின் சொந்த D டிரைவில் பிரிக்கச் சொல்லித் தள்ளினான். அது பாட்டுக்குப் போய் முடிந்தது. அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அந்தக் கையடக்க டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நாலு ஜி.பி.க்கு மேல் ஒற்றை ஃபைலாக வாங்காது. அதனால்தான் மதிவதனி நறுக்கிக் கொடுத்திருக்கிறாள். பிரிக்கிற இடம் கம்ப்யூட்டராக இருக்க வேண்டும், டிஸ்க்காக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

இமேஜை ஏற்றினான். தட்டைப் போட்டதும் தானாகப் படம் ஓடுவதுபோல, இதுவும் தானாக ஓடத் தொடங்கியது. பூ வரைந்த கட்டத்துக்குள் 'பெண்கள் பகுதி' என்ற எழுத்து வந்ததோ இல்லையோ, துண்டைத் தூக்கி மானிட்டர் மேல் போர்த்திவிட்டான். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்த வேண்டுமானால் துண்டை விலக்கிப் பார்க்க வேண்டும். அதோடு, நடுவில் எங்கும் சிக்காமல் ஓடுகிறதா என்று தெரிந்தால்தானே அஜீஸிடம் தைரியமாகச் சொல்லலாம்? சத்தத்தை மட்டும் கொஞ்சமாக வைத்துக் காதால் சோதித்தான். குலவை கேட்டது. பாட்டுக் கேட்டது. யாரோ யாரையோ கேலி செய்ய, கூட்டமாகச் சிரித்தார்கள். தியாகேசன் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் என்று அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். "அப்பறம் வாங்க!" என்று கத்தினான். மறுபடி தட்டினார்கள். "வேலையா இருக்கேன், அப்பறம் வாங்கன்னா!"

பெருமை தாங்கவில்லை. ஹலீமாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, ஓடுதுக்கா. அருமையா ஓடுது. நான் துண்டப் போட்டு மூடிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்திருக்கேன். ஒரு பொட்டு பாக்கல."

"அல்லா ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும் தம்பி" என்றாள் ஹலீமா. "கூடப் பொறந்தவன் செய்யிற வேலை செஞ்சிருக்கீங்க."

ஒரு டீ குடித்துவிட்டு அஜீஸுக்குச் சொல்லலாம் என்று கதவைத் திறந்து வெளியே வந்தான்.

மதிய நேரத்தில் ஈ ஓட்டுகிற தெரு அது. இப்போது கடை முன்னால் கூட்டம் நின்றது. திருத்துறைப்பூண்டி பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் ஜன்னல்களிலும் தலைகள். எதிர்த்த டீக்கடை வீரையன் தன் பெஞ்சைத் தூக்கி வந்து கண்ணாடி முகப்பின் முன் போட்டு, அதன் மேல் ஏறி, ஈரச் சாக்கு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் காது அடைச்சுப்போச்சா? தட்டுனா அப்பறம் வாங்கங்கிற!"

"என்னண்ணே?"

"மொதல்ல அத நிறுத்துய்யா!"

கண்ணாடிக்குள் தெருவைப் பார்த்து ஒரு டி.வி. இருந்தது. வாடிக்கை பிடிப்பதற்காக, அனுமதி கொடுத்தவர்களின் கல்யாண வீடியோவை அதில் ஓடவிடுவது வழக்கம். கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஒரு வயர் போகும். கம்ப்யூட்டரில் எந்தப் படம் ஓடினாலும் அந்த டி.வி.யில் முழுத் திரையாக விழும். பெண்கள் பகுதியில் கை வைக்குமுன் மதிவதனி அந்த வயரைப் பிடுங்கிவிடுவாள். அதை அவனிடம் சொன்னதில்லை. அந்த வேலைக்கு அவன் உட்காருவான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

வீரையனின் சாக்கு முழுத் திரையையும் மறைக்கவில்லை. ஓரத்தில் மருதாணிக் கை ஒன்று தெரிந்தது. பிறகு ஒரு முகம். தலைத்துணி தோளில் கிடக்க, நிலோஃபர் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா மேல் செய்த சத்தியமும் அதோடு போனது.

உள்ளே ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். படம் நின்ற ஏமாற்றத்தில் வெளியே எவனோ "ச்சே" என்றான். அந்த ஒரு சொல் தியாகேசன் உடம்பில் இன்று வரைக்கும் இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது பூனையோடு போகும். இவன் கண்ணை மூடிக்கொண்டு, பஸ் ஏற வந்தவனுக்கெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்களைத் திறந்து காட்டியிருக்கிறான்.

"நான் பஸ்ஸுக்கு டீ ஆத்திக்கிட்டிருந்தேன். மொதல்லயே பாக்கலப்பா" என்று வீரையன் கதவருகில் நின்று சொன்னார். "பாத்ததும் தட்டுனேன்." அவரைப் பார்க்கவும் தியாகேசனால் முடியவில்லை.

இருட்டான கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது செல்போன் அடித்தது. ரியாத் நம்பர். 'D டிரைவ்ல பிரிங்க பாய்.' இதைச் சொன்னால் போதும். அங்கே போர்வைக்குள் அந்த மனுஷன் தன் மகளைப் பார்த்துவிடுவார். ஆனால் அந்தக் குரலை எந்தக் காதை வைத்துக்கொண்டு கேட்பது? 'பாத்தீங்களா தம்பி, ஓடுச்சா?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தான். கடைசியில் அடுத்த தடவை என்பது வராமலே போய்விட்டது.

வெயில் தாழ்ந்த பிறகு மதிவதனி கூப்பிட்டாள். "என்னங்க, இத்தன தடவ கூப்ட்ருக்கீங்க?"

சொன்னான். எதையும் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பந்தலடியில் நடந்ததை எதில் மறைப்பது?

"பாய்கிட்ட சொன்னீங்களா, D டிரைவ்ல போடச் சொல்லி?" என்றாள்.

"எடுக்கல மதி. கூச்சமா இருந்துச்சு."

"அடப்பாவி மனுஷா" என்றாள். திட்டுவதுபோல இல்லை, அழுவதுபோல இருந்தது. "அந்த மலையாளத்தாரு இந்நேரம் கெளம்பிருப்பாரே."

"நீ வா மதி. ரெண்டு பேருமாப் போயி ஹலீமா அக்காகிட்ட சொல்லிருவோம்."

"நான் வரல. நான் வந்து நின்னா எம்மொகத்துக்காக மன்னிச்சிருவாங்க. அது வேணாம். நீங்களே போங்க. இப்பவே போங்க, வேற எவனும் போயி சொல்றதுக்கு முன்னாடி."

கூத்தாநல்லூருக்கு பஸ் ஏறினான். வழியெல்லாம் நாற்று நட்ட வயல். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகத் தோன்றி, அடுத்த சீட்டுக்கு மாறிக்கொண்டான். அவன் மத்தியானத்தில் பந்தலடிப் பக்கமே வராதவனாகக்கூட இருக்கலாம்.

ஹலீமா வீட்டில் முன்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். உள்வாசல் திரைக்குப் பின்னால் ஹலீமா வந்து நின்றாள். டீயும் ஒரு தட்டில் பலகாரமும் வந்தன. "எடுத்துக்குங்க தம்பி. மதியத்துலேந்து ஒங்களப் பத்தித்தான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

தியாகேசன் எழுந்து நின்றான். நின்றுகொண்டுதான் சொன்னான். துண்டு போட்டது, கதவைத் தாழிட்டது, தெருவில் டி.வி. ஓடினது, பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தது, அஜீஸின் போனை எடுக்காமல் விட்டது. திரை அசையவில்லை. திரைக்கு உள்ளே இன்னும் பெண்கள் இருந்திருக்க வேண்டும். யாரோ "யா அல்லா" என்றார்கள். ஒரு குழந்தையை உள்ளே கூட்டிப்போகிற சத்தம் கேட்டது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. யாரும் துப்பவில்லை.

"எம்மகளையும் பாத்தாங்களா?" என்று ஹலீமா கேட்டாள்.

"ஆமாக்கா."

அவள் மேற்கொண்டு கேட்பதற்குள் உள்ளே போன் அடித்தது. அவள் எடுத்தாள். எடுத்த உடனேயே யார் என்று தியாகேசனுக்குத் தெரிந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்... ம்... போயிட்டாரா? கம்ப்யூட்டரயும் கொண்டு போயிட்டாரா?" என்றாள். மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. "இல்லங்க, அந்தத் தம்பி மேல ஒண்ணும் தப்பு இல்ல. மதியம் சோறுகூட திங்காம ஒக்காந்து பாத்துச்சாம். ஃபைலே சரியில்லையாம். போன்ல சார்ஜு இல்லாமப் போச்சாம், அதான் எடுக்கல... ஆமா, வீடு தேடி வந்து சொல்லுது. இங்கதான் நிக்கிது... அடுத்த லீவுல வந்து பாத்துக்கலாங்க. புள்ள எங்க போவுது, இங்கதான இருக்கும்."

அந்தப் பொய்யில் ஒரு சொல்கூட அவனுக்காகச் சொல்லப்பட்டதில்லை. தூர தேசத்தில் தனியாகக் கிடக்கிற ஒரு மனுஷன் இன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. அது தெரிந்தும், அந்த நிழலில் அவனும் ஒதுங்கித்தான் நின்றான்.

திரை ஓரமாக விலகியது. வளையல் போட்ட கை ஒன்று போனை நீட்டியது.

"ஒங்ககிட்ட பேசணுங்கிறாங்க" என்றாள் ஹலீமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் சொல்லிறாதீங்க" என்றாள்.

வாங்கிக் காதில் வைத்தான்.

"தம்பி, நான்தான். ஒங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்" என்றார் அப்துல் அஜீஸ். அவர் சத்தத்துக்குப் பின்னால் அந்த அறையில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. "பொழப்பக் கெடுத்துக்கிட்டு, பஸ் ஏறி வேற வந்திருக்கீங்க. எம்புள்ளய பாக்கணுங்கிற அவசரத்துல போன் மேல போன் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க தம்பி. மன்னிச்சுக்கங்க."

தியாகேசன் வாயைத் திறந்தான். திரைக்குப் பின்னால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லங்க பாய்" என்றான்.